எண்ணும் பெயரும்: வன்னிப் பெருநிலப்பரப்பின் அளவீட்டு வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

வன்னிப் பெருநிலப்பரப்பைப் பற்றி எழுதப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது எண்களையே. குடிசனத்தொகை, ஏக்கர்க் கணக்கு, குளங்களின் கொள்ளளவு, இடம்பெயர்ந்தோர் தொகை, மீளக் குடியேறியோர் தொகை, காணாமலாக்கப்பட்டோர் தொகை எனக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் அறிக்கைகளில் அட்டவணைகளாகவே காட்சியளிக்கின்றன. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில நிர்வாகி வன்னி மாவட்டங்களுக்கான கைநூலை வெளியிட்ட காலந்தொட்டு இன்றைய ஆய்வேடுகள் வரை இம்மரபு தொடர்கின்றது. ஆயினும் ஓர் எண் நம்முன் வைக்கப்படும்போது, அது சரியானதா பிழையானதா என்று வினவுவதற்கு முன்னர், அது எத்தகைய எண் என்று வினவும் வழக்கம் நம்மிடையே போதிய அளவு வேரூன்றவில்லை. ஒரு கூட்டத்தாருக்கு இடப்பட்ட குறியீட்டை அளவெனக் கொள்வதும், மேல் கீழ் என்ற வரிசையைத் தூரமெனக் கொள்வதும், தன்னிச்சையாக வகுக்கப்பட்ட பூச்சியத்தை இன்மையெனக் கொள்வதும் ஆய்வுலகில் அன்றாடம் நிகழ்கின்றன. இவற்றை வெறும் கணிதப் பிழைகளாக ஒதுக்கிவிட முடியாது. வன்னியின் வரலாற்றிலே இத்தகைய குழப்பங்களுக்கான விலையை அந்நிலத்து மக்களே செலுத்தியுள்ளனர் என்பதைச் சில சான்றுகளைக் கொண்டு எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நால்வகை அளவிடைகள்

ஆராய்ச்சிப் புள்ளிவிபரவியலில் மாறிகளின் அளவிடைகளை நான்காக வகுக்கும் முறை இன்று பாடநூல் மரபாகிவிட்டது. அதன் தோற்றம் ஒரு விவாதத்தில் இருந்தது. ஓசையின் உரப்பு முதலாய புலனுணர்வுகளை அளக்க முடியுமா என்பதை ஆராய, பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1932இல் ஒரு குழுவை நியமித்தது. பௌதிகவியலாளரும் உளவியலாளரும் அடங்கிய அக்குழு 1940இல் தன் இறுதி அறிக்கையை அளித்தபோதும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அளவீடு என்றால் என்ன என்பதிலேயே அவர்களுக்கிடையே உடன்பாடு இருக்கவில்லை. இம்முட்டுக்கட்டைக்கு விடைகாணும் முயற்சியாகவே ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் எஸ். எஸ். ஸ்ரீவன்ஸ் 1946இல் 'சயன்ஸ்' இதழில் தமது புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். பொருள்களுக்கோ நிகழ்ச்சிகளுக்கோ ஒரு விதியின்படி எண்களை இடுவதே அளவீடு என்பது அவரது வரைவிலக்கணம். விதி மாறினால் அளவிடையின் வகை மாறும். வகை மாறினால் அவ்வெண்களைக் கொண்டு செய்யத்தக்க கணிதமும் மாறும்.

முதலாவது பெயரளவிடை. இங்கு எண் ஓர் அடையாளம் மாத்திரமே. கிராம உத்தியோகத்தர் பிரிவுகளுக்கு இடப்படும் இலக்கங்கள் இவ்வகையின. இரு பிரிவுகளின் இலக்கங்களைக் கூட்டிப் பெறும் தொகைக்குப் பொருள் எதுவும் இல்லை. எப்பெயருக்குரியோர் மிகுதி என்று எண்ணி, ஆகாரத்தை மட்டுமே கூறலாம். இரண்டாவது வரிசையளவிடை. வகுப்பில் முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை, மூன்றாம் பிள்ளை என்னும்போது முன் பின் தெரிகிறது. அவர்களுக்கிடையே உள்ள தூரம் தெரிவதில்லை. இங்கு இடையத்தைக் கூறலாம். மூன்றாவது ஆயிடையளவிடை. இதில் சம இடைவெளிகள் உண்டு. ஆனால் பூச்சியம் மனிதர் குறித்துக்கொண்ட ஓர் இடமாகும். முப்பது பாகை செல்சியஸ் பதினைந்து பாகையின் இருமடங்கு வெப்பமன்று. இங்கு இடையையும் நியம விலகலையும் கணிக்கலாம், மடங்கு கூறலாகாது. நான்காவது விகிதவளவிடை. நீளம், நிறை, தலைக்கணக்கு ஆகியன இதனுள் அடங்கும். இங்கு பூச்சியம் என்பது அப்பொருள் இல்லை என்பதையே குறிக்கும். எனவே இருமடங்கு, அரைப்பங்கு என்பன பொருளுடைய கூற்றுகளாகின்றன.

இவ்வகுப்புமுறை மறுப்பின்றி ஏற்கப்பட்டதன்று. 1953இல் பிரெடரிக் லோட் என்பவர் காற்பந்தாட்டக்காரரின் சட்டை இலக்கங்களை வைத்து ஓர் எள்ளற் கட்டுரை எழுதினார். எண்கள் தாம் எங்கிருந்து வந்தன என்பதை அறியா. ஆகவே எக்கணிதத்துக்கும் அவை இடங்கொடுக்கும் என்பது அவரது வாதத்தின் சாரம். இதில் உண்மை உண்டு. ஆயின் அதிலிருந்து நாம் பெறும் முடிவு வேறு. எண் தன் பிறப்பை அறியாதெனின், அதைக் கையாளும் ஆய்வாளர் அதனை அறிந்திருத்தல் இருமடங்கு அவசியமாகின்றது. மேலும், ஸ்ரீவன்ஸ் எழுப்பாது விட்ட வினா ஒன்றுண்டு. விதியின்படி எண் இடப்படுகிறதெனின், அவ்விதியை வகுப்பவர் யார்? புள்ளிவிபரவியலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் அரசு என்னும் சொல்லோடு உறவுடையது என்பதை இவ்விடத்து மனங்கொள்ளல் வேண்டும். வரி கொள்வதற்கும் படை திரட்டுவதற்கும் நாட்டை எண்ணத் தொடங்கிய அரசே அவ்விதிகளின் முதலாசிரியன்.

2. பெயர்: 1911இன் பிரிகோடு

இலங்கை முழுவதற்குமான நவீன குடிசன மதிப்பீடு முதன்முதலாக 1871இல் நடைபெற்றது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தொடர்ந்த இம்மதிப்பீடுகளில், தமிழர் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என முதன்முதலாக வேறுபிரித்து எண்ணப்பட்டது ஈ. பி. டென்ஹாம் பொறுப்பிலிருந்த 1911ஆம் ஆண்டு மதிப்பீட்டிலாகும். தோட்டத் தொழிலாளரின் வரவும் போக்கும் தோட்ட முதலாளித்துவத்துக்கு இன்றியமையாத தகவலாக இருந்த காலம் அது. ஒரு நிர்வாகத் தேவை பெயராயிற்று. பெயர் அட்டவணையில் ஒரு நிரலாயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் வாசகத்தில் இப்பெயர் காணப்படவில்லை. ஆனால் அச்சட்டத்தின் சுமை இப்பெயருக்குரிய மக்கள்மீதே வீழ்ந்தது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களை 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் எனப் பங்கிட்டது. அவ்வெஞ்சியோர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பெயரளவிடையில் பிறந்த ஒரு குறியீட்டின்மீது வகுத்தற் கணக்குச் செய்யப்பட்டமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதன் தொடர்ச்சியை நாம் வன்னியிற் காண்கிறோம். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம், தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டதன் பின் எழுந்த நெருக்கடி, 1977இன் இனவன்செயல் ஆகியவற்றால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் வந்து குடியேறின. காடு வெட்டி, கிணறு தோண்டி, பிறர் வயலிற் கூலி செய்து அவர்கள் வன்னியின் உழைப்பாளராயினர். 1981ஆம் ஆண்டு மதிப்பீட்டில் வவுனியா மாவட்டத்தின் 95,428 பேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரும், முல்லைத்தீவு மாவட்டத்தின் 77,189 பேரில் ஏறத்தாழ ஏழில் ஒருவரும் 'இந்தியத் தமிழர்' எனப் பதியப்பட்டனர். 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டிலோ அப்பெயருக்குரியோர் முல்லைத்தீவில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு; வவுனியாவில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

இவ்வீழ்ச்சியைக் கண்டு, அம்மக்கள் மறைந்தொழிந்தனர் என்று எழுதுவோர் பெயரை அளவெனக் கொண்டு மயங்குகின்றனர். ஒரு பகுதியினர் ஒப்பந்தங்களின்படி இந்தியா சென்றனர். ஒரு பகுதியினர் 1983இன் பின் அகதிகளாகக் கடல் கடந்தனர். ஒரு பகுதியினர் போரில் மாண்டனர். இன்னொரு பகுதியினர் அதே மண்ணில் வாழ்ந்துகொண்டு, கணக்கெடுப்பாளரிடம் தம்மை 'இலங்கைத் தமிழர்' என்று கூறினர். பெயரளவிடையில் ஒருவர் ஒரு கூட்டிலிருந்து மறு கூட்டுக்கு மாறுவதற்கு ஓரடி தூரமும் நடக்க வேண்டியதில்லை. பாகுபாட்டின் சின்னமாகிவிட்ட ஒரு பெயரை அதைச் சுமந்தவர்களே களைந்தார்களெனின், அது வரலாற்று நிகழ்ச்சியாகும். ஆனால் இந்நான்கில் எது எவ்வளவு என்பதை அட்டவணை கூறாது. மேலும் பெயர் மறைந்த காரணத்தால் நிலமின்மை மறைந்துவிடவில்லை. இன்று வன்னியில் காணி உறுதியற்றோர் யார், கூலியாளர் யார் என்று ஆராய முற்படும் மாணவர், 2012இன் நிரலைக் கொண்டு அவர்களைத் தேடின் காணமாட்டார். நிரல் அவர்களை வேறு பெயரில் வைத்திருக்கிறது.

பெயரிடும் அதிகாரம் ஒருதலைப்பட்சமாக இயங்கியது என்பதும் நோக்கத்தக்கது. கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர் என்ற பிரிப்பு 1971ஆம் ஆண்டு மதிப்பீடு வரை நீடித்தது. 1981இல் அவ்விரண்டும் ஒரு பெயருள் அடங்கின. தமிழரைப் பிரித்த கோடு அவ்வாண்டும் இருந்தவாறே இருந்தது. எவ்வேறுபாடு அழியலாம், எவ்வேறுபாடு நிற்கவேண்டும் என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை.

3. வரிசை: நிலமும் சராசரியும்

1927ஆம் ஆண்டுக் காணி ஆணைக்குழுவும் அதன்வழி வந்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டமும் அரச காணியைப் பெறத்தக்கோரைக் குடியானவர், மத்திய வகுப்பினர் என வரிசைப்படுத்தின. 1936இல் யாழ்ப்பாணத்தின் குடிநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கியது. 1960களின் பிற்பகுதியில் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களிற் படித்த வாலிபர்க்கான திட்டங்கள் உருவாயின. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு காரணமாக மிளகாய், வெங்காய விலைகள் உயர்ந்தபோது வன்னியின் மேட்டுநிலப் பயிர்ச்செய்கை செழித்தது. 1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அச்செழிப்புக் குலைந்தது.

இக்காலத்தைப் பற்றிக் கூறுவோர் 'வன்னி விவசாயி' என்று ஒருமையிற் பேசுவதைக் காண்கிறோம். இவ்வொருமை ஒரு சராசரியின் படைப்பு. ஒரு சிற்றூரில் ஐந்து குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். இரு குடும்பங்களுக்கு நிலமில்லை. ஒன்றுக்கு 1 ஏக்கர். ஒன்றுக்கு 2 ஏக்கர். ஒன்றுக்கு 12 ஏக்கர். இடை 3 ஏக்கர், இடையம் 1 ஏக்கர், ஆகாரம் பூச்சியம். மூன்று ஏக்கருடைய குடும்பம் அவ்வூரில் ஒன்றுகூட இல்லை. ஆயினும் அறிக்கையில் இடம்பெறுவது அம்மூன்று ஏக்கரே. ஏக்கர் என்பது விகிதவளவிடையாதலால் இடை கணித்ததிற் கணிதப் பிழை ஏதும் இல்லை. பிழை வேறிடத்தில் உள்ளது. நிலமின்மையிலிருந்து ஓர் ஏக்கருக்குச் செல்வதும், பதினோரு ஏக்கரிலிருந்து பன்னிரண்டுக்குச் செல்வதும் ஏக்கர்க் கணக்கில் ஒன்றே. உற்பத்தி உறவில் அவை ஒன்றல்ல. முன்னது கூலியாளை உழவனாக்குகின்றது. பின்னது முதலாளிக்கு மேலும் ஒரு வயலைச் சேர்க்கின்றது. அளவு மாற்றம் ஒரு கட்டத்திற் பண்பு மாற்றமாவதை இங்கு தெளிவாகக் காணலாம்.

இது புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. லெனின் 1899இல் வெளியிட்ட 'ருஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி' என்னும் நூலில், செம்ஸ்த்துவோ என்னும் உள்ளூராட்சி மன்றங்களின் புள்ளிவிபரங்களையே எடுத்துக்கொண்டு, நரோத்னிக்குகளின் 'சராசரிக் குடியானவன்' ஒரு கற்பிதம் என்று நிறுவினார். விதைப்பு நிலம், குதிரைகளின் தொகை ஆகியவற்றைக் கொண்டு குடும்பங்களை வரிசைக் குழுக்களாக வகுத்தபோது, ஒரே கிராம சமுதாயம் எனத் தோன்றியது முதலாளியும் கூலியாளுமாகப் பிளவுண்டு கிடந்தமை வெளிப்பட்டது. மிகுந்த துல்லியமுடைய அளவிடையே எப்பொழுதும் மிகுந்த உண்மையைக் கூறும் என்பது தவறு. சிலவேளை துல்லியத்தைக் குறைத்து வரிசைக்கு இறங்கும்போதுதான் வர்க்கம் கண்ணிற் படுகின்றது.

இதற்கு எதிர்த்திசையில் நிகழும் பிழை இன்றைய வினாக்கொத்துகளில் மலிந்துள்ளது. 1932இல் றென்சிஸ் லைக்கேட் அறிமுகப்படுத்திய முறையைப் பின்பற்றி, 'மிகவும் திருப்தி' முதல் 'சற்றும் திருப்தியில்லை' வரை 5, 4, 3, 2, 1 என எண்ணிட்டு, மீளக் குடியேறியோரின் திருப்தி 3.4 என இடை கணிக்கும் ஆய்வேடுகள் பல. வரிசையின் படிகள் சம தூரமுடையன என்று யார் கூறினர்? தறப்பாள் கொட்டிலிலிருந்து தகரக் கூரைக்கு மாறிய ஒரு மூதாட்டி 'பரவாயில்லை, தம்பி' என்று கூறும்போது, அதனை 3 என்று பதிவதா 4 என்று பதிவதா? எழுதுகோலைப் பிடித்திருப்பவர் யார், அவர் எந்த அலுவலகத்திலிருந்து வந்தார் என்பதைப் பொறுத்தும் அவ்விடை மாறும். தசமப் புள்ளிக்குப் பின் வரும் இலக்கம் அச்சத்தையும் மரியாதையையும் அறியாது.

4. ஆயிடை: குளத்தின் பூச்சியமும் பரீட்சையின் பூச்சியமும்

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைக் கிளிநொச்சி மக்கள் அடியிற் கூறுவர். மாரிகாலத்தில் இன்று எத்தனை அடி என்பதே விவசாயிகளின் முதல் வினா. முப்பத்தாறு அடியை அணுகும்போது வான் கதவுகளைப் பற்றிய பேச்சு எழும். ஆயின் அவ்வளவுகோலின் பூச்சியம் குளத்தின் வெறுமையைக் குறிப்பதன்று. நீரை வெளிவிடும் துருசின் அடிமட்டத்தைக் குறிப்பது. அதற்குக் கீழும் நீர் உண்டு. அது வயலுக்கு வராத நீர். அன்றியும் குளம் மேலே செல்லச் செல்ல அகன்று விரிவதால், மேலுள்ள ஓரடி நீர் கீழுள்ள ஓரடி நீரிலும் பன்மடங்காகும். எனவே முப்பதடி நீர் பதினைந்தடி நீரின் இருமடங்கு என எவ்விவசாயியும் கருதுவதில்லை. எத்தனை ஏக்கருக்குச் சிறுபோகத்தில் தண்ணீர் விடலாம் என்று கூடித் தீர்மானிக்கும் கூட்டங்களில், அளவிடையின் இவ்வியல்பைப் பட்டறிவால் அறிந்தவர்களே பேசுகின்றனர். பாடநூல் பெயரறியாத அறிவு அது.

பரீட்சைப் புள்ளிகள் விடயத்தில் இவ்விவேகம் கைவிடப்பட்டது. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மொழிமூலத்தின் அடிப்படையில் வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் கையாளப்பட்டன. 1973இல் மொழிமூலத் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்டப் பங்கீடு சேர்ந்தது. தரப்படுத்தலின் கணிதம் எளியது. புள்ளிகள் ஆயிடையளவிடையின, ஆகவே பூச்சியத்தையும் அலகையும் மாற்றியமைக்கலாம். ஒரே கூட்டத்தாருக்குள் இதனால் எவருடைய வரிசையும் மாறாது. ஆனால் இரு கூட்டத்தாரின் புள்ளிகளைத் தனித்தனி மாற்றியமைத்து, பின் இரண்டையும் ஒரே பட்டியலிற் கலக்கும்போது, இரு கூட்டத்தாரின் ஆற்றற் பரம்பலும் ஒன்றே என்ற எடுகோள் மறைமுகமாக நுழைகின்றது. அவ்வெடுகோள் நிறுவப்பட்டதன்று, ஆணையிடப்பட்டது.

கல்வி வாய்ப்பில் நிலவிய ஏற்றத்தாழ்வு கற்பனையானதன்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆய்வுகூடமுள்ள நகரப் பாடசாலையும் கூரையற்ற கிராமப் பாடசாலையும் ஒரே வினாத்தாளை எதிர்கொண்டமை அநீதியே. ஆனால் வறுமையை அளக்க வேண்டிய இடத்தில் மொழியை அளந்தமையே இம்முறையின் அடிப்படைக் குறை. மாவட்டப் பங்கீடு வந்தபோது பின்தங்கிய மாவட்டமாகிய வவுனியாவுக்கு நன்மை கிடைத்தது. ஆயின் அன்று கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1984இலேயே அது தனி மாவட்டமாயிற்று. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். ஆகவே 1974இல் கிளிநொச்சிக் குடியேற்றத்திலிருந்து பரீட்சைக்குத் தோற்றிய ஒரு கூலியாளின் பிள்ளை, கணக்கேட்டில் யாழ்ப்பாணத்தின் பெருங் கல்லூரிகளின் பிள்ளையோடு ஒரே நிரலில் நின்றது. பெயரளவிடையின் ஒரு கோடு ஆயிடையளவிடையின் முழுக் கணிதத்தையும் எவ்வாறு திசைதிருப்பும் என்பதற்கு இது சான்றாகும். இன்று நடைமுறையிலுள்ள இசட் புள்ளி முறையை ஆராய்வோரும் இவ்வினாவையே எழுப்புதல் வேண்டும். மாவட்டம் என்னும் பெயருக்குள் ஏ-9 வீதியோரப் பாடசாலையும் உட்காட்டுப் பாடசாலையும் இன்னும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.

5. விகிதம்: தலைக்கணக்கும் இன்மையும்

விகிதவளவிடை நம் உழவருக்கு அந்நியமானதன்று. இத்தனை புசல் விதைப்பு நிலம் என நிலத்தை விதையால் அளப்பதும், விதைத்ததற்கு இத்தனை மேனி விளைந்தது என விளைச்சலைக் கூறுவதும் அவர்தம் மரபு. யாழ்ப்பாணத்து உறுதிகளில் வரகு விதைப்பு லாச்சமும் நெல் விதைப்பு லாச்சமும் வேறு வேறு பரப்பைக் குறித்தன. அலகு எதுவென்று கூறாது எண்ணை மட்டும் கூறுவது வழக்குக்கு இடமளிக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

தலைக்கணக்கு விகிதவளவிடைகளுள் மிக எளியது. அதன் அலகு ஒரு மனிதர். அதன் பூச்சியம் எவரும் இன்மை. ஆயின் வன்னியில் இவ்வெளிய அளவே மிகக் கொடிய விவாதத்துக்குள்ளாயிற்று. 1991இல் இலங்கையில் குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001ஆம் ஆண்டு மதிப்பீடு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நடைபெறவில்லை. ஆகவே 1981க்கும் 2012க்கும் இடைப்பட்ட முப்பத்தொரு ஆண்டுகளுக்கு அங்குள்ள மக்கள்தொகைக்கு ஆதாரமாக இருந்தவை கச்சேரிப் பதிவேடுகளே. கிராம உத்தியோகத்தர் தொகுத்து, பிரதேச செயலகங்கள் வழியாக அரசாங்க அதிபர்க்குச் சென்ற அப்பதிவேடுகள் உலருணவுப் பங்கீட்டுக்கும் அடிப்படையாயின.

2008ஆம் ஆண்டு ஒக்ரோபர் தொடக்கத்தில் அப்பதிவேடுகளின்படி இவ்விரு மாவட்டங்களிலும் இருந்தோர் 429,059 பேர். 2009 பெப்ரவரி அளவில், போர் வலயத்துள் எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 70,000 பேர் என்றது அரச தரப்பு. ஏறத்தாழ 250,000 பேர் என மதிப்பிட்டன ஐக்கிய நாடுகள் முகவரகங்கள். போர் முடிந்தபின் முகாம்களில் எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 280,000 பேர். கூற்றைக் காலமே மறுத்தது. ஆனால் அம்மறுப்புக்கு முன்னரே அவ்வெண் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, தன் 2011ஆம் ஆண்டு அறிக்கையில், போர் வலயத்திலிருந்த மக்களின் தொகையை அரசு வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டதாகக் கூறியது. அனுப்பப்படும் உணவும் மருந்தும் தொகையை ஒட்டியே நிர்ணயமாகும். எழுபதாயிரம் என்று எழுதப்பட்டால், இருக்கும் ஏனையோர்க்கு அரிசியும் இல்லை, மருந்தும் இல்லை. எண் பொருளியல் உலகைப் பிரதிபலிப்பது மட்டுமன்று. அதிகாரத்தின் கையில் அது பொருளியல் உலகின்மீது செயற்படவும் செய்கின்றது.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தற் கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரின் 429,059இலிருந்து, 2009 யூலையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோராக ஐக்கிய நாடுகள் அலுவலகம் குறித்த 282,380ஐக் கழித்தால் எஞ்சுவது 146,679. அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே அவரது வினா. இதனை நாம் அளவிடையின் நோக்கில் அணுகுதல் வேண்டும். இரண்டும் தலைக்கணக்குகள், எனவே கழித்தல் முறையானதே. ஆயின் இரு கணக்குகளின் அலகும் எல்லையும் ஒன்றா என்பது தனி வினா. ஒன்று குடும்பப் பதிவேட்டு வழி வந்தது. மற்றையது வந்துசேர்ந்தோரை எண்ணியதால் வந்தது. இறந்தோர், வேறு வழியாக வெளியேறியோர், தடுத்து வைக்கப்பட்டோர், பதிவேட்டில் நீக்கப்படாது நின்ற பெயர்கள் ஆகிய அனைத்தும் அவ்வெச்சத்துள் அடங்கக்கூடும். ஆகவே அவ்வெண்ணுக்குரிய சரியான பெயர் 'கணக்கில் வராதோர்' என்பதே. ஆயர் அவர்களை இறந்தோர் என்று கூறவில்லை, கணக்குக் கேட்டார். அவ்வெண்ணை இறந்தோர் தொகையென எடுத்துரைப்பாரும், நம்பத்தகாததென முற்றாகத் தள்ளுவாரும் ஒரே தவறையே செய்கின்றனர். எச்சத்துக்கு ஒரு பெயரை இட்டுவிட்டு, அதனைக் கூறுபடுத்தி ஆராயும் பணியிலிருந்து இரு சாராரும் விலகிக்கொள்கின்றனர். நிபுணர் குழு நாற்பதினாயிரம் வரையிலான உயிரிழப்பை மறுக்கவியலாது என்றது. ஐக்கிய நாடுகளின் உள்ளக மீளாய்வுக் குழு 2012 நவம்பரில், எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கணக்கில் வராதோர் எனக் கூறும் நம்பத்தகுந்த தகவல்களும் உள்ளன என்றது. இவை வெவ்வேறு விதிகளின்படி இடப்பட்ட எண்கள். ஒன்றை மற்றொன்றால் அடித்து வீழ்த்துவது ஆய்வாகாது.

2011இல் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் வட மாகாணத்தில் ஒரு கணக்கெடுப்பை நடத்தியது. மாண்டோரையும் காணாமற்போனோரையும் பற்றி உயிரோடிருக்கும் குடும்பத்தவரிடமும் உறவினரிடமும் கேட்டறிவது அதன் முறை. இங்கேதான் பூச்சியத்தின் இயல்பு முழுமையாக வெளிப்படுகின்றது. ஒரு குடும்பத்தில் இருவர் மாண்டு மூவர் எஞ்சியிருந்தால், படிவத்தில் இரண்டு என்று பதியப்படும். ஒரு குடும்பத்தின் ஐவரும் ஒரே பதுங்குகுழியில் மாண்டிருந்து, கேட்டுச் சொல்ல உறவினரும் இல்லையெனின், படிவமே நிரப்பப்படமாட்டாது. இழப்பு மிகப் பெரிதாயிருந்த இடத்தில் பதிவு பூச்சியமாகின்றது. விகிதவளவிடையின் பூச்சியம் பொருளின் இன்மையைக் குறிக்கும் என்றது இலக்கணம். அங்கே அது சாட்சியின் இன்மையைக் குறித்தது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து எண்களை ஐயுற்று ஒதுக்கவேண்டும் என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. அது ஆளும் வர்க்கத்துக்கே உவப்பான முடிவாகும். மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் தொழிற்சாலைப் பரிசோதகரின் அரச அறிக்கைகளைக் கொண்டே அவ்வரசு காத்துநின்ற அமைப்பின்மீது குற்றஞ்சாட்டினார். 1880இல் பிரெஞ்சுத் தொழிலாளருக்கென ஏறத்தாழ நூறு வினாக்களைக் கொண்ட ஒரு வினாக்கொத்தையும் வகுத்தார். அதில் எண்ணப்படுவோரே விடையளிப்போராகவும் தம் நிலையை ஆராய்வோராகவும் கருதப்பட்டனர். நமக்கு வேண்டுவது அத்தகைய எண்ணியல்.

வன்னியில் ஆய்வு செய்யப் புகும் இளம் ஆய்வாளர், கணினியில் எண்களை இடுவதற்கு முன்னர் சில வினாக்களைத் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளல் நன்று. இப்பெயரை இட்டவர் யார். அப்பெயருக்குரியோர் அதனை ஏற்றனரா? இவ்வரிசையின் படிகளுக்கிடையே உள்ள தூரத்தை நாம் அறிவோமா, அன்றிக் கற்பித்துக்கொண்டோமா? இப்பூச்சியத்தைக் குறித்தது யார், எவ்விடத்தில்? இத்தொகையின் அலகு ஈரிடத்தும் ஒன்றா? இவற்றுக்கு விடைகாணாது பெறப்படும் தொடர்புக் குணகங்கள் எத்துணை நுட்பமாகத் தோன்றினும் உள்ளீடற்றவை.

எல்லா அளவீடும் இறுதியிற் பெயரின்மீதே நிற்கின்றது. யாரை மனிதராக, குடியாக, விவசாயியாக, இறந்தவராக எண்ணுவது என்று முதலிற் தீர்மானித்த பின்னரே ஒன்று, இரண்டு என்று தொடங்க முடியும். வன்னியில் அத்தீர்மானம் நீண்டகாலம் மக்களின் கையில் இருக்கவில்லை. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் 2017 முதல் வீதியோரப் பந்தல்களில் அமர்ந்தபோது, அவர்கள் கையில் இருந்தவை அட்டவணைகள் அல்ல; ஒவ்வொன்றும் ஒருவரின் பெயரும் படமும். கணக்கெடுப்பு எங்கிருந்து தொடங்கப்பட வேண்டும் என்பதை அவர்களே நமக்குக் காட்டியுள்ளனர். நிரப்பப்படாத படிவங்களுக்குரிய வீடுகளை ஊர் ஊராக, அயலவரின் வாய்மொழி கொண்டு, பெயர் பெயராக எழுதும் பணி இன்னும் எஞ்சியிருக்கின்றது. அப்பணி முடிந்த பின்னரே கூட்டற் கணக்குக்கு இடமுண்டு.